யோபுவுக்கு எத்தனை பிள்ளைகள்?

ஒரத்தநாட்டில் உரக்கடை ரெமிஜியசிடம் யூரியா வாங்கப் போகிறவர் ஒரு பதிலையும் கையோடு கொண்டுபோக வேண்டும். "நோவா கட்டுன பேழை எத்தனை முழ நீளம், சொல்லுங்க பாப்போம்?" என்று கேட்டுவிட்டுத்தான் மூட்டையை எடுத்துப் போடச் சொல்வார். வந்தவர் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தாலும் விடமாட்டார். மறைமாவட்டப் பைபிள் வினாடி வினாவில் ஒன்பது முறை கேடயம் வாங்கியவர். காலை ஐந்தரைக்கு எழுந்து கடை திறக்கும்வரை பைபிள் படிப்பு. நாற்பது வருடத்தில் ஒருநாள் தவறியதில்லை. அதைத்தான் மனுஷன் வேதத்தின் மேல் தனக்கிருந்த அன்பு என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த அன்பை ஒரே மகள் ஷீபாவுக்கும் ஊட்டப் பார்த்தார். ஆறு வயதிலிருந்து தினம் ஒரு அதிகாரம், பத்துக் கேள்வி. ஒரு பதில் தப்பினால் மறுபடி முதலிலிருந்து. பள்ளி வேன் வாசலில் ஹார்ன் அடித்தாலும் சரி. அவளும் கேடயம் வாங்கினாள். ஆனால் கல்யாணமாகி ஓசூர் போன நாளிலிருந்து பைபிளைத் தொடவில்லை.

போன ஐப்பசியில் ஷீபாவின் ஒன்றரை வயது மகன் காய்ச்சலில் இறந்துபோனான். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அவளை ஊருக்கு அழைத்து வந்தார்கள். வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். தாய் பாத்திமா மேரி பிசைந்து கொடுத்த சோறு அப்படியே திரும்பி வந்தது. ரெமிஜியசோ, இப்போதாவது வேதத்தைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் பெண் நம் கையை விட்டே போய்விடுவாள் என்று பயந்தார். நான்காம் நாள் பைபிளோடு போய்க் கட்டிலருகே நின்றார்.

"யோபு படிம்மா. அவரும் பிள்ளைங்களைப் பறிகொடுத்தவருதான். தினம் ஒரு அதிகாரம் படி, மனசு ஆறும்."

ஷீபா திரும்பாமலே சொன்னாள்: "நாப்பத்திரண்டு அதிகாரம். ஏழு மகன், மூணு மகள் செத்தாங்க. கடைசி அதிகாரத்துல திரும்ப ஏழு மகன், மூணு மகள். சரியாப்பா?"

"சரிதாம்மா," என்றார், பழக்க தோஷத்தில்.

அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். "புதுசா பத்து வந்தப்புறமும் அந்தச் செத்த பத்தை நெனச்சு யோபு அழுதாராப்பா? அதை நீங்க கேட்டதே இல்லையே."

ஒன்பது கேடயம் வாங்கிய மனுஷன் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் ஷீபா ஓசூருக்குப் புறப்பட்டுவிட்டாள். "இங்க இருந்தா மூச்சு முட்டுதும்மா" என்று தாயிடம் மட்டும் சொல்லிக்கொண்டு தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

அன்று அவர் கடை திறக்கவில்லை. மகள் கேட்டதற்குப் பதில் தேடி யோபுவைப் பிரித்தார். நாற்பது வருடப் பழக்கம் லேசில் விடுமா? ஆடு ஏழாயிரம், ஒட்டகம் மூவாயிரம் என்று மனசு பாட்டுக்குக் கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டே போயிற்று. தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். இரண்டாம் அதிகாரக் கடைசியில் நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் இருந்தார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த ஏழு நாளும் ஒரு வார்த்தை பேசாமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அன்றைக்குத்தான் படித்தார். "அடப் பாவி, நான் நின்னுக்கிட்டுப் பாடம் நடத்துனேனே" என்று வாய்விட்டு அழுதார். அவர் தம் ஆயுளில் வேதம் படித்தது அந்த ஒரு நாள்தான் என்பேன்.

உடனே ஃபோனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்கப்பா," என்றாள் ஷீபா.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். தான் அவள் கூடவே தரையில் உட்கார்ந்திருப்பதாக அவருக்கு நினைப்பு.

"ஏதும் கேள்வியாப்பா? எனக்கு இப்ப எதுவும் ஞாபகமில்ல."

பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசாமலே இருந்தார்.

"அப்பா? கேக்குதா?" என்றாள். பிறகு, "சிக்னல் இல்ல போல," என்று ஃபோனை வைத்துவிட்டாள்.