நந்தி மலைப் படிகளும் நான் போட்ட கையெழுத்தும்

பள்ளிப் பிள்ளைகளை நந்தி மலைக்கு எப்படி அழைத்துப் போவது என்று கேட்டு இரண்டு டீச்சர்கள் மெயில் போட்டிருக்கிறார்கள். நான் போய் வந்தது 2006 பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை. வழி, நேரம், செலவு எல்லாம் சொல்கிறேன். கூடவே அன்று நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்கிறேன். உங்களுக்கு அதிகம் உதவப்போவது அதுதான்.

மர்பி டவுனில் ஒரு சின்னப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். அந்த வருடம், பிரேசர் டவுன் பக்கம் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்குக் காது மிஷின் வாங்கித் தர நிதி திரட்டினோம். சும்மா உண்டியல் குலுக்க வேண்டாம், பிள்ளைகள் ஏதாவது செய்து காட்டிவிட்டுக் கேட்கட்டும் என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். நந்தி மலையின் பழைய படிகளில் ஏறுவது என்று முடிவானது. ஆளுக்கொரு அட்டை. தெருக்காரர்கள் அதில் பெயர் எழுதி, ஏறி முடித்தால் இவ்வளவு தருகிறேன் என்று எழுதிக் கொடுப்பார்கள். மேலே போனதும் டீச்சர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இருந்தால்தான் பணம்.

வகுப்பில் யசோதரா என்று ஒரு பெண். அப்பா இல்லை. அம்மா கார்மென்ட்ஸில் தையல் வேலை. அதுவரை மகளை ஒரு டூருக்கும் அனுப்பியதில்லை. நானே வீட்டுக்குப் போய்க் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். "எனக்கு இவள விட்டா யாரு மிஸ்? உங்கள நம்பித்தான் அனுப்புறேன்" என்று சொல்லித்தான் அந்த அம்மா படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

காலை 6.10க்குப் புறப்பட்டோம். தனியார் பஸ், டீசலோடு சேர்த்து ஒரு நாள் வாடகை 4,200 ரூபாய். முப்பத்தெட்டு பிள்ளைகள், நான், பி.டி. மாஸ்டர் ஜோசப் சார், டிரைவர் நாகராஜ். ஹெப்பாள் தாண்டி, தேவனஹள்ளி வழியாக அறுபது கிலோமீட்டர். 7.30க்கு தேவனஹள்ளியில் தட்டு இட்லி, ஒன்று ஐந்து ரூபாய். சாப்பிட்ட பத்தாவது நிமிடம் யசோதரா ஜன்னல் வழியாக அத்தனையையும் வாந்தி எடுத்தாள். பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றுவதற்கு முன்னால் இட்லி கொடுக்காதீர்கள். வேண்டுமானால் பன் கொடுங்கள்.

படிகள் மலையடிவாரத்தில் சுல்தான்பேட்டையில் ஆரம்பிக்கின்றன. 8.40க்கு அங்கே இறங்கினோம். ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் படிகள் என்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் எண்ணிப் பார்த்தார்கள், ஆளுக்கொரு கணக்கு வந்தது. ஜோசப் சார் விசில் ஊதியபடி எல்லோரையும் மேலே கூட்டிப் போனார். யசோதரா வெளிறிப் போயிருந்ததால் பஸ்ஸிலேயே உட்கார் என்றேன். துணைக்கு நானும் உட்கார்ந்துகொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் படி ஏறாமல் தப்பியதில் பரம சந்தோஷம். வளைவு வளைவாகப் போகும் ரோட்டில் அரை மணி நேரத்தில் மேலே போய்ச் சேர்ந்தோம். நுழைவுக் கட்டணம் தலைக்கு ஐந்து ரூபாய்.

மற்றவர்கள் பத்தரைக்கு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்கள். குரங்குகளோடு சண்டை போட்டுக்கொண்டே எலுமிச்சம் சாதம் சாப்பிட்டோம். ஒரு மணிக்கு அட்டைகளை வாங்கி வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். யசோதராவின் அட்டையில் இருபத்தி இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று அவள் தெருவே எழுதிக் கொடுத்திருந்தது. பாவம், உடம்பு சரியில்லாமல் போனது அவள் குற்றமா? யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்து அவள் அட்டையிலும் 'ஏறி முடித்தாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவள் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தேங்க்ஸ்கூடச் சொல்லவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம் வேறு.

மூன்று மணிக்கு பஸ் ஏறினோம். ஆளெண்ணிக்கைக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் ரோல் நம்பரைச் சத்தமாகச் சொல்வார்கள். ஒன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை தடங்கலில்லாமல் வந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் "ரைட், போலாம்" என்றேன்.

நாலாவது வளைவில் பின்னால் அழுகைச் சத்தம். நஸ்ரீன், யசோதராவின் பக்கத்து பெஞ்சுக்காரி. தேம்பித் தேம்பி முன்னால் வந்தாள்.

"மிஸ், இருபத்தேழு நான்தான் சொன்னேன் மிஸ்."

"என்னடி சொல்ற?"

"யசோ கீழ போயிட்டா மிஸ். நீங்க கையெழுத்து போட்டதும் போனா. படி ஏறிட்டு மூணு மணிக்குள்ள வந்துர்றேன்னா. வரல. நீங்க திட்டுவீங்கன்னு நானே அவ நம்பர சொல்லிட்டேன்."

பி.டி. வகுப்பில் ஒருவருக்காக ஒருவர் நம்பர் சொல்வது இவர்களுக்குப் பழக்கமாம். பதின்மூன்று வயதுப் பெண், தனியாக, முன்பின் தெரியாத மலையில். அவள் அம்மாவின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"வண்டிய திருப்புங்க!" என்று கத்தினேன்.

"இங்க திருப்பக் கூடாது மேடம், பள்ளத்துல போயிருவோம்" என்றார் நாகராஜ், பிரேக்கில் காலை வைத்தபடி. "படி கீழதானே ஸ்டார்ட்டு? கீழயே ஹோகோணா, போயிடலாம். பயப்படாதீங்க, எங்கயும் போயிருக்க மாட்டா."

ஜோசப் சார் அந்த இடத்திலேயே குதித்து இறங்கினார். "நான் மேல போய் அங்கருந்து படியில இறங்கி வர்றேன். நீங்க கீழருந்து ஏறுங்க மிஸ். இருக்கறது ஒரே வழி, ரெண்டு பேர்ல ஒருத்தர் கண்ணுல பட்டே ஆகணும். எங்கிட்ட கிடைச்சா ரெண்டு விசில் அடிக்கறேன்." மனிதர் அன்று என் வாழ்நாள் மரியாதையைச் சம்பாதித்துக்கொண்டார்.

சுல்தான்பேட்டைக்கு வரும்போது 3.50. படியடியில் வெள்ளரிக்காய் விற்ற அம்மாவிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் கேட்டேன். யூனிபார்ம் போட்ட பெண் ஒன்று இரண்டேகால் மணி வாக்கில் இறங்கி வந்தது, தண்ணீர் குடித்தது, உடனே திரும்பி மேலே போனது என்றார். அப்படியென்றால் இந்நேரம் உச்சிக்குப் போயிருக்க வேண்டும். ஏன் வரவில்லை? பிள்ளைகளை நாகராஜிடம் விட்டுவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். நாற்பத்தாறு வயது, எழுபத்தெட்டு கிலோ. முழங்கால் கெஞ்சியது. ஒவ்வொரு திருப்பத்திலும் "யசோ" என்று கூப்பிட்டேன். குரங்குகள்தான் எட்டிப் பார்த்தன.

எத்தனை படி ஏறினேனோ தெரியாது. மேலேயிருந்து ஒரு விசில் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னொரு விசில்.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது. யாருக்கு என்றில்லாமல் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவள் முக்கால் வழியில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரமாக நகர முடியவில்லையாம். ஜோசப் சார் காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். நாலு அறை விடலாம் என்று போனவள் அவளைக் கட்டிக்கொண்டேன். பிறகு திட்டினேன்.

"ஏன்டி இப்படிப் பண்ண?"

"நீங்க ஏறி முடித்தாள்னு எழுதிட்டீங்களே மிஸ். நான் ஏறவே இல்லயே. எங்க தெருவுல எல்லாரும் காசு குடுப்பாங்க. நான் எப்படி வாங்குவேன்?"

வருடம் முழுக்க நேர்மை, பொறுப்பு என்று போர்டில் எழுதிப் போடுகிற டீச்சர் நான்.

ஜோசப் சார் வாட்சைப் பார்த்தார். "இறங்கிடலாமா மிஸ்?"

"இன்னும் நானூறு படிதான் இருக்கும் மிஸ்" என்றாள் யசோதரா மெதுவாக. கால் பரவாயில்லையா என்று கேட்டேன். எழுந்து நின்று காட்டினாள். சாரைக் கீழே அனுப்பி, பஸ்ஸை மறுபடி மேலே கொண்டுவரச் சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் ஏறினோம். பத்து படிக்கு ஒருமுறை நான்தான் உட்கார்ந்தேன், அவள் நின்று எனக்காகக் காத்திருந்தாள். 5.50க்கு உச்சி. பஸ் முன்னாலேயே வந்து நின்றது, பிள்ளைகள் ஜன்னலைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். நஸ்ரீன் ஓடிவந்து அவள் முதுகில் ஒன்று வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து மனதுக்குள் எழுதிக்கொண்டவை இவை. நம்பர் சொல்ல வைத்து எண்ணாதீர்கள், சீட் சீட்டாக நடந்து முகத்தைப் பார்த்து எண்ணுங்கள். படிகளுக்கு ஏற ஒன்றரை மணி, இறங்க ஒரு மணி வையுங்கள். வழியில் தண்ணீர் கிடையாது, ஆளுக்கு ஒரு லிட்டர் கட்டாயம். மேலே மொபைல் சிக்னல் கிடைக்கவில்லை, தேவனஹள்ளி வந்த பிறகுதான் ஹெட்மிஸ்ட்ரஸுக்கு போன் போட முடிந்தது. சாப்பாட்டையும் சேர்த்துத் தலைக்கு நூற்று நாற்பது ரூபாய் ஆனது. இன்னொன்று: பிள்ளைக்கு இரக்கம் காட்டுவதாக நினைத்துப் பொய் எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தப் பொய்யை அவர்கள்தான் சுமக்க வேண்டியிருக்கிறது.

பள்ளி கேட்டுக்கு வரும்போது மணி 7.40. ஆறரைக்கு வருவோம் என்று சொல்லியிருந்தோம். யசோதராவின் அம்மா எல்லோருக்கும் முன்னால் நின்றிருந்தார். பஸ் ரிப்பேர் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது, மறைக்கவில்லை. ஓரமாகக் கூட்டிப் போய், நான் போட்ட கையெழுத்திலிருந்து விசில் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் முகம் இறுகியது. மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார்.

"இத நீங்க சொல்லாமயே விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது மிஸ்."

"ஆமாங்க."

அவர் மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "அடுத்த டூருக்கும் அனுப்புறேன். ஆனா நீங்க போனாத்தான் அனுப்புவேன்."

நாள் முழுக்க வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.