தீராத பாண்டு

திருவனந்தபுரத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் நான் கால் முறிந்து கிடந்தபோது, கரமனைத் தமிழ்ப் பெண் ஒருத்திதான் என் நர்ஸ். குள்ள உருவம். ஊசி போடும்போது நமக்கு முன்னால் அவளே முகம் சுளிப்பாள்.

"படிப்புச் செலவு முழுக்க ஆஸ்பத்திரிதான் சாரே. அதுக்குப் பகரம் மூணு வருஷம் இங்கயே வேலை பாக்கணும்னு பாண்டு" என்றாள் ஒருநாள்.

"இப்படிக் கட்டிப் போட்டுட்டாங்களே!" என்று பரிதாபப்பட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். "அது போன ஓணத்தோட தீர்ந்துபோச்சு. வீட்டுல சொல்லல. சொன்னா உடனே கல்யாணம் பேசிருவாங்க. எனக்கு இன்னும் படிக்கணும்."

மறுநாள் மகளுக்குச் சோறு கொண்டுவந்த அவளுடைய அப்பா, என் கட்டிலருகே தயங்கி நின்றார். கொத்தனார் வேலை பார்ப்பவர்.

"சாரு படிச்ச ஆளு. இந்த பாண்டு எப்பம் தீரும்?"

"இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்" என்றேன், வக்கீலைப் போல.

அவர் தலையாட்டிப் போய்விட்டார். பொய் சொன்னால் திக்கிவிடும் எனக்கு, அன்று மட்டும் அது எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று இன்றும் புரியவில்லை.