பலகை மறித்த அறை

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்து வீட்டில் அப்பா, அம்மா, சித்தப்பா, நான் இருந்தோம். படித்தவர்தான் ஒருவரும் இல்லை. இன்று மரக்கடையில் புதிதாய் அறுத்த பலகை மணக்க, இப்போது இடித்துவிட்ட அந்த வீடு நினைவுக்கு வந்தது. பிள்ளைக்குப் படிக்கத் தனி அறை வேண்டும், இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் கிம்னாசியம் பள்ளியில் தாக்குப்பிடிக்க முடியாது என்று ஆசிரியை சொன்னதும், அப்பா கூடத்தைப் பலகையால் மறித்து எனக்கு ஓர் அறை செய்தார். முதல் மாலையே அம்மா வெங்காயத்தோடும் சித்தப்பா தேநீரோடும் உள்ளே வந்து அமர்ந்தார்கள்.

"அம்மா, நான் தனிய இருந்து படிக்கவேணும்."

"படி ராசா, ஆர் வேண்டாமெண்டது? நாங்கள் கதைக்கமாட்டம்."

"மூச்சும் மெல்லத்தான் விடுவம்," என்றார் சித்தப்பா.

வெங்காயம் அரியும் சத்தத்துக்குள் படித்துத்தான் பல்கலைக்கழகம் வரை வந்தேன். அந்த அறைக்காகப் போனது எண்பது யூரோவும், கூடத்தில் சித்தப்பா கால் நீட்டிப் படுத்த இடமும்.