நாலு குரலுக்கு எதிரே ஒருவர்

அறுபதுகளின் கடைசியில், தாம்பரத்தில் காலை ரயில் ஏறியதும் நாங்கள் நால்வரும் தேவாலயப் பாட்டை நான்கு குரலில் ஒத்திகை பார்ப்போம். எதிர் இருக்கைக்காரர் விபூதி நெற்றியும் தொடையில் தாளம் போடும் விரல்களுமாக முறைப்பார்.

ஒருநாள் வெடித்தார். "ஒரு பாட்டுக்கு நாலு மெட்டா? சண்டை போடற மாதிரி இருக்கு!"

"இது ஹார்மனி சார். உங்களுக்குப் புரியாது," என்றேன்.

"தனியா பாடத் தெரியாதவங்களுக்குத்தான் கூட்டம் வேணும்," என்றவர், ஒரு கீர்த்தனையின் ஒரே வரியைச் சுரங்களை அசைத்து, இழைத்துப் பாடினார். பெட்டியே அடங்கிவிட்டது.

"ஏன் சார் குரல் நடுங்குது, குளிர் ஜுரமா?" என்றேன். நண்பர்கள் சிரித்தார்கள்.

பல்லாவரத்தில் இறங்கி வேறு பெட்டிக்குப் போனவர் திரும்பவேயில்லை.

அவர் சுருதி இம்மியும் விலகவில்லை என்று அப்போதே தெரியும். அதனால்தான் அவ்வளவு அவசரமாக எல்லோரையும் சிரிக்க வைத்தேன்.