பல்லைக் கொடுக்காத ஜீவராணி

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் கொழுந்தெடுப்பவர் ஜீவராணி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில், அவர் வயதுப் பெண்களில் வாய் நிறையப் பல்லோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்குப் பல் வலித்தால் பிடுங்கிவிடுவதுதான் வழக்கம். மருந்துக்கென்று திரும்பத் திரும்ப டவுனுக்கு அலைந்தால் வேலை நாள் போகும். பிடுங்கினால் ஒரே பயணத்தோடு முடியும். பாதி வாய் காலியானதும், ஹட்டனில் பல் கட்டுகிற ஒருவரிடம் போய் மிச்சத்தையும் எடுத்துவிட்டுப் பொய்ப்பல் செட்டு போட்டுக்கொள்வார்கள். ஜீவராணியோ கொழுந்துச் சாக்கின் இறுகிய முடிச்சைப் பல்லாலேயே அவிழ்ப்பார். “ராணி அக்காவுக்கு வாயிலயே குறடு” என்பது மலையில் வழங்கிய கேலி.

இந்த வருட ஆரம்பத்தில் அவருடைய கடைவாய்ப் பல் ஒன்று வலித்தது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனார். வாயை எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். பல் டொக்டர் ஒரு இளம் பெண். வலிக்கிற பல்லில் சொத்தை இருக்கிறது, அடைத்துவிடலாம் என்றார். பிறகு படத்தில் வேறு சில பற்களைத் தொட்டுக் காட்டினார். வலியே இல்லாத அந்தப் பற்களின் நடுவில், நரம்பு இருக்கும் கூட்டுக்குள், வெள்ளையாகச் சிறு சிறு கற்கள். சுண்ணாம்புச் சத்து உறைந்து உண்டாவது. பலருக்கும் இருக்கும், பெரும்பாலும் தொல்லை தராது என்றார்.

“அப்ப ஏங்க அத எங்கிட்ட காட்டுறீங்க?”

டொக்டர் அவசரப்படாமல் விளக்கினார். இப்படிக் கல் உள்ளவர்களிடம் இருதய நோய் சற்றுக் கூடுதலாகத் தெரிவதாகச் சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அப்படியொன்றும் இல்லை என்று வேறு சில சொல்கின்றன. கல்லால்தான் நோய் வருகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. எப்படியானாலும் இந்த வயதில் ஒரு தடவை பிரஷர் பார்த்துக்கொள்வது நல்லது. பார்த்தார்கள். கூடுதலாக இருந்தது. சொத்தையை அடைத்து, பிரஷர் கிளினிக்குக்கு நாள் குறித்த ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

காலையில் வேலைக்குப் பிரிந்து போகுமுன் ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்தில், இந்தச் செய்தி ஒரு சுற்றுச் சுற்றி வேறு உருவத்தில் வந்து நின்றது. பல்லில் வளரும் கல் இரத்தத்தோடு இறங்கி நெஞ்சை அடைக்கும் என்றார்கள். இதற்குச் சாட்சி, அடுத்த லயத்து இராமையா. அவருக்குச் சிறுநீரகத்தில் கல் இருந்தது. கண்டியில் எடுத்தார்கள். அதன்பிறகு நன்றாக இருக்கிறார்.

“கல்லுன்னா எடுத்துறணும் ராணி. நான் எடுத்தேன். இந்தா நிக்கிறேன்ல.”

“ஒங்களுக்கு வலிச்சுச்சு, எடுத்தாங்கண்ணே. எனக்கு அந்தப் பல்லெல்லாம் வலிக்கவே இல்லையே.”

“வலிக்காம இருக்கிறதுதான் ஆபத்து.”

கங்காணி முத்துலிங்கம் இடையில் புகுந்தார். “எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரு செட்டு மாட்டு. சிரிச்சா டீவியில வர்றவ மாதிரி இருப்ப.”

“கோயில் சாப்பாட்டுல ஒங்க செட்டு எலையில விழுந்தத நானும் பாத்தேன். மொதல்ல அத இறுக்கி மாட்டுங்க கங்காணி.”

களம் சிரித்தது. ஆனால் யாரோ கொழும்புக்குப் போன் போட்டு, ஜீவராணியின் மகன் கிஷாந்திடம் சொல்லிவிட்டார்கள். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் அவனுடைய அப்பா ஆண்டியப்பன். நாலு வருடத்துக்கு முன் ஒரு நாள் தோள்பட்டை வலிக்கிறது என்றார். வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணி கொடுத்தார்கள். மறுநாள் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கிஷாந்த் ஹட்டன் பல்காரரிடம் பேசி முடித்தான். எந்த நாள் வரட்டும் என்று அம்மாவிடம் கேட்டான். ஜீவராணி ஒரு நாளைச் சொன்னார். முதல்நாளே லீவு போட்டு வந்து சேர்ந்தான்.

“எல்லாப் பல்லையும் எடுத்துருவோம்மா. செட்டுக்குச் சொல்லியாச்சு.”

“யாரக் கேட்டுச் சொன்ன?”

“யாரையும் கேக்காம, ஒண்ணும் செய்யாம இருந்துதான அப்பாவ விட்டோம்?”

 மறுநாள் காலையில் ஜீவராணி சேலையை மாற்றிக்கொண்டு, கிஷாந்த் பிடித்திருந்த வேனில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார்.

ஓட்டியவன் பக்கத்துத் தோட்டத்து ஜூட்சன். ஹட்டன் பஜாரில் பல்காரரின் கடைக்கு முன்னால் வேனை ஓரம் கட்டினான். கிஷாந்த் இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தான். ஜீவராணி அசையவில்லை.

“நீ ஏறு. ஜூட்சன், டிக்கோயாவுக்கு விடு தம்பி.”

“அம்மா, கடை இங்க இருக்கு.”

“கண்ணு தெரியுது. எனக்கு இன்னைக்கு கிளினிக்கு.”

அவர் சொன்ன நாளும் கிளினிக் துண்டில் இருந்த நாளும் ஒன்று என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

ஜூட்சன் கண்ணாடியில் இருவரையும் பார்த்தான். “இப்ப நான் யாரு சொல்றதக் கேக்குறது?”

“பல்லு யாரு வாயில இருக்கோ அவங்க சொல்றத.”

கிஷாந்த் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான். “சாகணும்னு இருக்கீங்களா?”

“சாவேனா பொழைப்பேனான்னு பாக்கத்தான் போறேன். அத வாயத் தொறந்து காட்டினா தெரியாது. நெஞ்சக் காட்டணும். லயத்துல செவரு ஊறினா நீ என்ன செய்வ? கூரைத் தகரத்தப் பாப்பியா, செவத்த இடிப்பியா?”

“நம்ம தோட்டத்துல ரெண்டையும் செய்ய மாட்டாங்க” என்றான் ஜூட்சன். யாரும் சிரிக்கவில்லை. வேன் டிக்கோயாவை நோக்கி இறங்கியது.

கிளினிக்கில் கூட்டம். மகன் ஒரு பெஞ்சில், அம்மா ஒரு பெஞ்சில். முறை வந்ததும் ஜீவராணி அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். பிரஷர் மறுபடியும் கூடுதலாகவே காட்டியது. ஈசிஜி எடுத்தார்கள். டொக்டர் சிங்களவர். இப்போதைக்கு அதில் பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை, ஆனால் மாத்திரையை விடாமல் போட வேண்டும், உப்பையும் கருவாட்டையும் குறைக்க வேண்டும் என்றார். கருவாடு என்றதும் ஜீவராணியின் முகம் சுருங்கியது. சரி என்று தலையாட்டிவிட்டு, பேச்சுச் சிங்களத்தில் கேட்டார்:

“டொக்டர் மாத்தயா, என் பல்லு எல்லாத்தையும் புடுங்கினா இந்தப் பிரஷர் எறங்குமா?”

டொக்டர் முதலில் வேடிக்கைக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தார். பக்கத்தில் நின்றவனின் முகத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார். இறங்காது என்றார். பல்லுக்குள் இருக்கும் கல் அங்கேயேதான் இருக்கும், இருதயத்துக்கு இறங்கி வராது. அதற்கும் இருதயத்துக்கும் தொடர்பு உண்டா என்பதே இன்னும் உறுதியாகத் தெரியாத விஷயம். பிரஷர் கூடியிருப்பது உறுதி. அதற்கு மருந்து இருக்கிறது. நல்ல பல்லைப் பிடுங்கினால் சரியாக மென்று சாப்பிட முடியாமல் போகும், அவ்வளவுதான்.

கிஷாந்த் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜீவராணி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த கதிரையை அவன் பக்கம் தள்ளினார்.

“இவனுக்கும் பாருங்க மாத்தயா. இவங்க அப்பா நெஞ்சு வலியிலதான் போனாரு. ஐம்பதுகூட ஆகல.”

“எனக்கு என்னம்மா? நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“ஒங்க அப்பாவும் எனக்கு என்னன்னுதான் சொன்னாரு.”

“வேன் நிக்குது.”

“நிக்கட்டும். நாலு வருசமா நீ எங்கயாவது பிரஷர் பாத்தியா?”

அவன் வாசலை நோக்கி ஓரடி நகர்ந்தான்.

“என் பல்லப் புடுங்கிட்டா ஒன் பயம் போயிருமா?”

கிஷாந்த் கதிரையில் உட்கார்ந்தான். “பயமாத்தாம்மா இருக்கு.”

“இருக்கட்டும். பயந்துகிட்டே கைய நீட்டு.”

நீட்டினான். கையில் பட்டை சுற்றிக் காற்று ஏறும்போது அவனுடைய சட்டைப்பையில் போன் அடித்தது. ஜீவராணி எடுத்தார். பல்காரர். மருந்தெல்லாம் தயாராக வைத்துக் காத்திருப்பதாகச் சொன்னார்.

“நாங்க வரலைங்க. இல்ல, வேற நாளும் வேணாம். எனக்கு வாயில பல்லு இருக்கு.”

போனை வைத்தார். கிஷாந்துக்கும் அளவு எல்லையைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு சொல்ல முடியாது, மறுபடியும் பார்க்க வேண்டும் என்று டொக்டர் அவனுக்கும் ஒரு துண்டு எழுதினார். அதை அவன் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“மடிச்சுப் பையில வை. இனிமே ஒனக்கும் ஒரு கிளினிக்கு, எனக்கும் ஒரு கிளினிக்கு” என்று சொல்லிவிட்டு ஜீவராணி மருந்து வரிசையில் போய் நின்றார்.