காதில் ஓர் ஈர்க்குச்சி

தொழிற்சாலை முதலுதவி அறைக்கு ஆட்கள் முழுசாக வருவதில்லை. நசுங்கிய விரல் வரும், தூசி விழுந்த கண் வரும், பிடித்துக்கொண்ட இடுப்பு வரும், பின்னாலேயே அதன் சொந்தக்காரர் வருவார். பஞ்சும் பிளாஸ்திரியுமாக என்னைப்போல் இப்படி ஓர் அறையில் அடைந்து கிடப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். வளைகுடா ஆஸ்பத்திரிகளில் வயதைக் கழித்துவிட்டு, பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு, ஒரகடத்தில் இந்த ஆண் நர்ஸ் வேலைக்கு வந்து உட்கார்ந்தபோது, என்னைப் படுத்தி எடுக்கப்போவது ஒரு காது என்று நான் நினைக்கவில்லை.

யார் பேச்சைக் கேட்பது

முத்துமாரி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். சர்க்யூட் போர்டு லைனில் வேலை, ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டல் வாசம். ஷிப்டு ஏறுமுன் தலைவலி மாத்திரை கேட்டு வந்தாள். காதின் மேல்மடலில் புதுசாக ஒரு கல் மின்னியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃபேன்ஸி கடையில் காது குத்துகிற துப்பாக்கி வைத்துக் குத்திக்கொண்டாளாம். ஊரில் அப்பா கூடவே கூடாது என்றிருந்தார். யாரையும் கேட்காமல் அவள் தனக்கென்று செய்துகொண்ட முதல் காரியம் அது. கண்ணாடி இல்லாத என் அறையில், மருந்து அலமாரிக் கதவில் ரெண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

கீழ்மடல் சதை, சீக்கிரம் ஆறிவிடும். மேலே இருப்பது குருத்தெலும்பு, தனக்கென்று ரத்த ஓட்டம் இல்லாதது, ஆற மாதக்கணக்காகும் என்றேன். கொதிக்கவைத்து ஆற்றிய உப்புத் தண்ணீரில் கழுவு, எண்ணெய் மஞ்சள் வேண்டாம், அந்தப் பக்கம் படுக்காதே, கம்மலைத் தொட்டுத் திருகாதே. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கேட்டாள்: "கடைக்காரரு தெனமும் திருகி விடணும்னாரு, நீங்க தொடவே கூடாதுங்கிய. ரெண்டு பேர்ல யாரு பிரதர் காது குத்தியிருக்கிய?"

வாசலில்

லைனுக்குள் உலோகம் கூடாது. கம்மல், மூக்குத்தி, தாலிச் செயின்கூட. வாசலில் ஒரு பெண் காவலாளி உலோகம் காட்டும் கருவியால் தலையிலிருந்து கால்வரை தடவுவாள். முத்துமாரியின் காதருகே அது கத்தியது. கழற்றி வைத்துவிட்டு வா என்றார் சூப்பர்வைசர் தனசேகர். வடக்குப்பட்டுக்காரர், கெட்டவர் இல்லை, லைன் நின்றால் மட்டும் கெட்டவராகிவிடுவார்.

புதுத்துளையில் கம்மலை எடுத்து எடுத்துப் போட்டால் புண்ணாகிவிடும், ஆறுகிறவரை பேக்கிங்குக்கு மாற்றுங்கள் என்று போய்க் கேட்டேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "இன்னா பிரதர், காது குத்திக்கினவங்கள எல்லாம் பேக்கிங்குக்கு அனுப்பினா, நாளைக்கு லைன்ல நானும் நீங்களுந்தான் குந்தணும்."

ஈர்க்குச்சி

சில வாரம் அவளைக் காணவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நம் தொழிலில் வராதவர்களெல்லாம் குணமானவர்கள். பிறகு அவளுடைய அறைத்தோழி ஜெனிபா, தூத்துக்குடிப் பெண், அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். லைனில் போடுகிற தொப்பியைக் கழற்றினால் காதின் மேல்பாதி சிவந்து, பளபளவென்று வீங்கி, தொட்டால் சுட்டது. கீழ்மடல் மட்டும் ஒன்றும் அறியாததுபோல் பழையபடி இருந்தது. குருத்தெலும்பில் சீழ் வைத்தால் அப்படித்தான் இருக்கும். துளைக்குள் கம்மல் இல்லை. பழுப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் எடுத்தேன். விளக்குமாற்று ஈர்க்குச்சி.

ஊரில் சின்னப்பிள்ளைக்குக் காது குத்தினால் துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்கைச் செருகி வைப்பார்கள். கீழ்மடலுக்கு அது ஒத்துப்போகும். அந்த ஹாஸ்டலில் பாதிப் பேர் இதே வழியில்தான் வாசலைக் கடந்துகொண்டிருந்தார்கள்: ஷிப்டுக்குக் குச்சி, ரூமுக்குக் கம்மல். குச்சிக்குக் கருவி கத்தாது. இவளுக்கோ மேல்மடல்; தொப்பியின் ரப்பர் வேறு அதை நாள்முழுக்க அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. எதிலிருந்து ஒடித்தீர்கள் என்று கேட்டேன். ஜெனிபாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "புது வாரியல் பிரதர், இன்னும் தரையவே பெருக்கல. மஞ்சள் எண்ணெயில முக்கித்தான் போட்டோம்!"

ஞாயிற்றுக்கிழமை

இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றாள். அவள் கான்டிராக்ட், நடுவில் லீவு போட்டால் அடுத்த முறை பெயர் இருக்காது. நான் பள்ளியில் தமிழிலும் நர்சிங்கை ஆங்கிலத்திலும் படித்தவன். நோயின் ஆங்கிலப் பெயரைச் சொன்னேன், புரியாமல் விழித்தாள். தமிழ்ப் பெயரைச் சொன்னேன். பள்ளிக்கூடப் பாடம்போல் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "காது அழுகிப்போகும், முத்துமாரி" என்றேன். அது புரிந்தது. அழுதாள். அழுதுகொண்டே, ஞாயிற்றுக்கிழமைதான் என்றாள்.

கம்பெனி வண்டி கேட்டால், லைனில் நடந்தால்தான் விபத்து, இது சொந்த விஷயம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காய்ச்சலில் லைனிலேயே சரிந்தாள். லைனில் நடந்ததால் உடனே வண்டி வந்தது. சீழை எடுத்தார்கள். செத்துப்போன குருத்தெலும்பையும் வெட்டி எடுக்கவேண்டியிருந்தது. போய்ப் பார்த்தபோது தலையில் பெரிய கட்டு. "கேக்கதுக்கு ஒண்ணும் ஆகலன்னு டாக்டர் சொல்லுதாவ. காது கேக்கதுக்கு மட்டுமா பிரதர் இருக்கு?"

மாஸ்க்

திரும்பி வந்தாள். பெயரை எடுக்கவில்லை; தனசேகர் யாரிடமோ பேசியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. காதின் மேல்பாதி, கசக்கி எறிந்த காகிதம்போல் உள்ளே சுருண்டுகொண்டுவிட்டது. முடியை இழுத்து மூடிக்கொள்கிறாள். ஆனால் லைனுக்குள் மாஸ்க் கட்டாயம். அதன் ரப்பர் மாட்டிக்கொள்ள அந்தப் பக்கம் விளிம்பு இல்லை. நழுவி நழுவி விழுகிறது. தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடுகிற நாடா மாஸ்க் இருக்கிறதா என்று கேட்டு வருவாள். அவளுக்கென்றே வரவழைத்து வைத்திருக்கிறேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவதற்கு முன்தினமும் வந்தாள். வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டாள். லைன் லீவுதானே, எதற்கு என்றேன். நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "ஊர்லயும் முடிய காதுமேல இழுத்து, இந்த நாடாவால அமுக்கிக் கட்டிக்கிடுதேன் பிரதர். கம்பெனி ரூல்னு சொன்னா அப்பா நம்பிருவாவ."

உலோகத்தைக் கண்டு கத்துவதற்கு வாசலில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள், சீழைக் கண்டு கத்துவதற்கு என்னை வைத்திருக்கிறார்கள். இரண்டில் அதன் சத்தத்துக்குத்தான் எல்லோரும் நிற்கிறார்கள்.