ஒரு லிட்டர் பாலுக்கு ஒரு கப் சாமை

புதன்கிழமை காலை ஜீப் ஸ்டாண்டில் டிரைவர் சின்னசாமி என்னை நிறுத்தினார்.

“சார், நீங்க பேப்பர்ல எழுதுன பிர்னிதான் இன்னிக்கி எங்க அக்கா வூட்ல. பொண்ணுக்கு நிச்சயம். பத்து லிட்டர் பால் சொல்லிக்கீது.”

அக்கா என்றால் காவேரி. மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டிலிருந்து எனக்குச் சாமை கொண்டுவந்து தருபவர். மாப்பிள்ளை வீடு கணியம்பாடி. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அத்தை, “மலைக்கு வந்தா களிதான் போடுவீங்கன்னு பயந்துக்கினே வந்தேன்” என்று சிரித்தாராம். காவேரியும் சிரித்தாராம். ஆனால் அன்றே முடிவு செய்துவிட்டார் — நிச்சயத்தன்று ஹோட்டல் ஸ்வீட். அதுவும் சொந்தச் சாமையில்.

எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நிமிர்ந்த தலையோடு வீட்டுக்கு நடந்தேன்.

போன வாரம் படிக்காதவர்களுக்கு... வாணியம்பாடியில் ஒரு ஹோட்டலில் மண் கிண்ணத்தில் தரும் பிர்னி எனக்கு உயிர். பாலைச் சுண்டக் காய்ச்சி, அரிசி ரவை சேர்த்து, ஆறவைத்துத் தருவார்கள். அரிசிக்குப் பதில் சாமையை உடைத்துப் போட்டு வீட்டில் செய்து பார்த்தேன். மூன்று தடவை சொதப்பியது. நான்காவது தடவை வந்தது. அந்த அளவைத்தான் இங்கே எழுதினேன்.

அதைத்தானே எழுதினேன்?

ரோஸ் வாட்டர் எவ்வளவு என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதில் எழுத என் சமையல் நோட்டைப் பிரித்தேன். நான்காவது தடவை மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். பால் நான்கு லிட்டர். சாமை ரவை ஒரு கப். பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். பால் ஒரு லிட்டர். சாமை ரவை... ஒரு கப்.

உங்கள் வீட்டு அளவுக்குச் சுருக்குகிறேன் என்று பாலைச் சுருக்கினேன். சர்க்கரையைச் சுருக்கினேன். சாமையை விட்டுவிட்டேன். முப்பது வருடம் அடுத்தவர் எழுதிய எண்களைத் திருத்திச் சம்பளம் வாங்கியவன் நான்.

பத்து லிட்டர் பாலில் பத்து கப் சாமை போட்டால் என்ன ஆகும்? கரண்டியை நட்டால் நிற்கும். சாட்சாத் களி. அதுவும் அந்த அத்தையின் முன்னால்.

காவேரிக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டேன். அதே குரல். ஸ்டாண்டுக்கு ஓடினேன். நல்லவேளை, ஆள் நிரம்பாமல் ஜீப் கிளம்பாது. சின்னசாமி இன்னும் அங்கேதான் இருந்தார்.

“போகலாமா?”

“இன்னும் நாலு பேர் வரட்டும் சார். இன்னா, நீங்களும் நிச்சயத்துக்கா?”

“ஆமாம்.”

“கூப்புடாமயே வர்றாரு பாரு” என்றார் பின்சீட்டில் ஒரு பெண்மணி. “பிர்னி அப்டி இஸ்துக்கினு போவுது.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதலில் காவேரியிடம்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். வெட்கம், வேறொன்றுமில்லை.

“அக்கா அடுப்பு பத்த வெச்சிருப்பாங்களா?”

“விடியறதுக்குள்ள பால் எறங்கிச்சு சார். இந்நேரம் கொதிச்சிருக்கும்.”

ஒருவழியாக ஜீப் கிளம்பியும், ஒரு வளைவில் மூட்டை ஏற்ற நின்றோம். இன்னொரு வளைவில் இறங்கியவர், மறந்த பையை எடுக்கத் திரும்பி வந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாலில் ஒரு கப் சாமை விழுவது போலவே இருந்தது.

காவேரி வீட்டு வாசலில் வேன் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வந்தாயிற்று. யாரையும் பார்க்காமல் சமையல் நடந்த பக்கம் போனேன். ஈர மணலில் வரிசையாகக் கிண்ணங்கள். பக்கத்தில் காவேரி.

“சாமை எவ்வளவு போட்டீங்க?”

“இன்னா சார் இப்டி மூச்சு வாங்குது? உக்காருங்க மொதல்ல.”

“எவ்வளவு?”

“ரெண்டரை கப்பு.”

என் நோட்டில் இருந்த அதே கணக்கு.

“நான் எழுதினபடி பார்த்தா பத்து கப் ஆச்சே...”

“பார்த்தேன். லிட்டருக்கு ஒரு கப்புன்னு போட்டிருந்துது. சார் எங்க ஆக்கியிருக்கப் போறாரு, வூட்ல அம்மா ஆக்குனத எட்டிப் பார்த்துட்டு எழுதியிருப்பாருன்னு வுட்டுட்டேன்.”

“அப்புறம் எதுக்கு அதைப் பார்த்துச் செஞ்சீங்க?”

“ரோஸ் வாட்டர் அடுப்புல இருக்கச்சே ஊத்தறதா, எறக்கிட்டு ஊத்தறதான்னு தெரியலயே. அதுக்குத்தான்.”

அத்தை கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். எந்த ஹோட்டலில் வாங்கியது என்று கேட்டார்.

“எங்க கொல்லையில வெளஞ்சதுங்க” என்றார் காவேரி. அத்தை இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினார். காவேரி என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜீப்பில் திரும்பும்போதுதான் இன்னொரு பயம் வந்தது. காவேரிக்குச் சாமையைத் தெரியும். ஆகவே என்னை நம்பவில்லை, பிழைத்தார். முதன்முதலாகச் சாமை வாங்கி, என் எழுத்தை அப்படியே நம்பி, மாமியாரையோ மேனேஜரையோ சாப்பிடக் கூப்பிட்டிருக்கும் நீங்கள்? அன்றிலிருந்து போன் அடித்தால் எடுக்கக் கை வரவில்லை. அடிக்காவிட்டால் அதைவிட மோசம்.

எனவே, திருத்தம். ஒரு லிட்டர் பாலுக்குச் சாமை ரவை கால் கப். தவறு முழுக்க என்னுடையது.

ஏற்கெனவே ஒரு கப் போட்டுவிட்டவர்கள் — தயவுசெய்து இன்னும் மூன்று லிட்டர் பால் வாங்கவும்.